ஸ்டீல் கிற்றாரில் கரகரப்பு எடுப்பது எப்படி

போன தை மாதம் அக்காவின் மகன் மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் உலோக உருளையை நகர்த்தி வாசிக்கும் பழைய ஸ்டீல் கிற்றார் ஒன்றையும் 15 வாட் அம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றையும் தூக்கிக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். பையில், ஒலியைக் கரகரக்க வைக்கும், காலால் மிதிக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் ஒன்றும் இருந்தது. எல்லாத் திருகிகளையும் கடைசி வரை திருப்பிவிட்டு ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பில் மீட்டினான். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, “சின்னம்மா, இது கத்துது, பாடேல்ல” என்றான்.

அவன் சொன்னது சரி. நானும் அந்த இடத்திலேயே இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். அப்பா கலியாண வீடுகளிலும் கோயில் முன்றலிலும் வாசித்த ஹவாயன் கிற்றார், அதாவது இதே ஸ்டீல் கிற்றார், என் கைக்கு வந்தபோது, அவர் எடுத்த தேன்போன்ற நாதம் எனக்குப் பிடிக்கும் என்றாலும், அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன வேண்டும் என்று தெரிந்தது கோணேசர் கோயிலில். நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது அதன் ஓரத்தில் ஒரு கரகரப்பு இருக்கும். மூச்சு இருக்கும் வரை அது தேயாது. அந்த ஓரமும் அந்தத் தேயாமையும்தான் எனக்கு வேண்டியிருந்தது. இங்கே எழுதுவது அந்தக் கரகரப்பை எடுக்கும் வழி. உலோகத்தை அறுப்பதுபோன்ற கடும் சத்தம் வேண்டுபவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கம்பியை மீட்டிய கணத்தில் ஒலி பெரிதாகப் பிறக்கிறது. உடனே தேயத் தொடங்குகிறது. அம்ப்போ பெடலோ தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அந்த ஒலியை உள்ளே தள்ளினால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முனைகளில் புதிய மேற்சுரங்கள் பிறக்கும், அதுதான் கரகரப்பு. இன்னொன்றும் நடக்கிறது. பெரிய ஒலி வெட்டுப்பட்டு ஓர் அளவில் நிற்க, சிறிது நேரம் கழித்துத் தேய்ந்துபோன ஒலியும் ஏறத்தாழ அதே அளவைத் தொடுகிறது. காதுக்குத் தேய்வு தெரிவதில்லை. நாகஸ்வரத்தின் நீண்ட மூச்சு நமக்குக் கிடைப்பது இப்படித்தான்.

ஆனால் நாம் விரும்பாத சின்னச் சத்தங்களும் இதே வழியில் மேலே வந்துவிடும். சுற்றுக்கம்பியில் உருளை உரசும் சத்தம், உருளைக்குப் பின்பக்கம் தானாக அதிரும் கம்பி, நகம் படும் ‘டிக்’, கரண்டின் இரைச்சல் எல்லாம் சுரத்துக்குச் சமமாக எழுந்து நிற்கும். சாதாரணக் கிற்றாரில் இடக்கை விரல்களே பல கம்பிகளை அடக்கிவிடும். ஸ்டீலில் ஆறு கம்பியும் திறந்து கிடக்கின்றன. அதனால் பெறாமகனிடம் பெடலைக் கழற்றிவைக்கச் சொன்னேன். அவனுக்கு முகம் வாடிப்போனது. ஆனாலும் வேலையைச் சுருதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவன் வைத்திருந்த சுருதி சி சிக்ஸ்த். தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. நம் கணக்கில் ஸ க ப த ஸ க. சுத்தமான ஒலியில் அழகான சுருதி, அப்பாவும் அதில்தான் வாசித்தார். கரகரப்பு சேர்ந்ததும் அது சேறாகிவிடும். காரணம் இதுதான். வெட்டுப்படும் இடத்தில் இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால், அவற்றின் கூட்டல் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். ஜி 196 ஹேர்ட்ஸ், பக்கத்துக் கம்பியான ஏ 220. கழித்தால் 24. எந்தச் சுரத்தோடும் சேராத ஓர் உறுமல் அது. ஆறு கம்பியையும் ஒன்றாக மீட்டினால் இப்படி எத்தனையோ சோடிகள் ஒன்றோடொன்று முட்டும். ஒரு கலியாண வரவேற்பில் நான் பெடலை மிதித்துக்கொண்டு முழு சி சிக்ஸ்த்தையும் மீட்டிவிட்டேன். பாடகிக்குத் தன் சுருதி எங்கே என்றே தெரியாமல் போனது. அவர் தடுமாறிய முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் கரகரப்புக்கு ஓபன் ஜி வையுங்கள். தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. அதாவது ப ஸ ப ஸ க ப. இப்போது அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜி 196, அதற்கு மேலே உள்ள டி 294. கழித்தால் 98. அது இன்னொரு ஜி, ஒரு ஸ்தாயி கீழே. இல்லாத கம்பி ஒன்று அடியில் பாடுவதுபோல இருக்கும். ஸ-ப சேர்ந்து ஒலிக்கும்போது கரகரப்பு இவ்வளவு பெரிதாகவும் சுத்தமாகவும் கேட்பது இதனால்தான்.

அடுத்து காந்தாரம். இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள், முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. டியூனர் காட்டும் பி 246.9 ஹேர்ட்ஸ். அதிலிருந்து ஜியின் 196ஐக் கழித்தால் ஏறத்தாழ 51. நமக்கு வேண்டியது 49, அதுதான் இரண்டு ஸ்தாயி கீழேயுள்ள ஜி. 51க்கும் 49க்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன வேறுபாடு சுத்த ஒலியில் தெரியாது. கரகரப்பில் அது ‘வவ்வவ்’ என்று அடிக்கும். பி கம்பியை 245க்கு, அதாவது டியூனரின் நடுக்கோட்டிலிருந்து 14 சென்ட் கீழே இறக்குங்கள். ஓர் அரைச்சுரம் 100 சென்ட், அதில் 14. அந்த அடிப்பு நின்றுவிடும். மூன்று கம்பி சேர்ந்த ஒலி ஆர்மோனியத்தின் ஒரே கட்டைபோல ஒன்றாகிவிடும்.

டியூனரே இல்லாமலும் செய்யலாம். கரகரப்பை இலேசாகப் போட்டு தடித்த கம்பியிலிருந்து எண்ணி நான்காவது, ஐந்தாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டுங்கள். பி கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் அடிப்பு மெதுவாகி மெதுவாகி நிற்கும், அங்கே விட்டுவிடுங்கள். நல்ல தம்புராவில் மந்தர ஸட்ஜத்தை மீட்டும்போது அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் அல்லவா, அதே காந்தாரம்தான் இது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டுப் பழகிய காதுக்கு இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

சாதாரணக் கிற்றார்காரர்களால் இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. அவர்களுக்கு ஒரே கம்பி ஒரு கோர்ட்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில்) காந்தாரமாகவும் இன்னொன்றில் பஞ்சமமாகவும் வரும், ஒன்றுக்காக இறக்கினால் மற்றது கெடும். நம் உருளை நேர்கோடு. எங்கே வைத்தாலும் ஐந்தாவது கம்பி அந்தக் கோர்ட்டின் காந்தாரமாகவே இருக்கும். கரகரப்புக்காகவே பிறந்த வாத்தியம் இது என்று நான் நம்புவதற்கு இது பெரிய காரணம். கீபோட்டின் காந்தாரத்தை இப்படி இறக்க முடியாது, அதனால் அதோடு சேர்ந்து வாசிக்கும் நாட்களில் மட்டும் பியை 7, 8 சென்ட் அளவே இறக்கி வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சண்டை வராது.

விற்பனைக்கு வந்து நிலைத்த முதல் மின்சாரக் கிற்றாரே மடியில் வைத்து வாசிப்பதுதான். ரிக்கன்பேக்கர் 1932இல் விற்கத் தொடங்கிய அது, அலுமினியத்தில் வார்த்த வட்ட உடலும் நீண்ட கழுத்துமாகப் பொரிசட்டி போலவே இருக்கும், பெயரும் அப்படியே வந்தது. சூட்டில் அலுமினியம் நீண்டு சுருதி ஓடும் என்பது அதன் குறை. எங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மர உடலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. வாசிக்கும் இடத்தில் கிற்றாரைக் கால்மணி நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

இனி அடக்குவது. உருளையைப் பிடித்த இடக்கையின் மோதிர விரலும் சின்ன விரலும் எப்போதும் உருளைக்குப் பின்னால், மீட்டும் கைப் பக்கத்தில் இல்லாமல் கிற்றாரின் தலைப்பக்கத்தில், கம்பிகள் மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். அழுத்தக் கூடாது. ஈரத்துணி கிடப்பதுபோலக் கிடந்தால் போதும். வலக்கையின் உள்ளங்கை ஓரம், சின்ன விரல் பக்கத்துச் சதை, மீட்டாத கம்பிகள் மேல் இறங்கி நிற்க வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது உள்ளங்கை கணநேரம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு எழும். பெறாமகனை இரண்டு கிழமை இதை மட்டுமே செய்ய வைத்தேன். பெடல் மேசையில் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே பழகினான்.

உருளையின் முழு நீளத்தையும் ஆறு கம்பி மேலும் போடும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு கம்பியோ இரண்டோ வாசிக்கும்போது உருளையின் குண்டு முனை மட்டும் அவற்றைத் தொடட்டும். உருளை கனமாக இருந்தால் ஒலி நீளும், என்னுடையது 200 கிராமுக்குக் கிட்ட வரும். அதில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கரகரப்பில் அரம்போலக் கேட்கும். கீழே விழுந்து அடிபட்டதை வைத்து வாசிக்க வேண்டாம். கம்பிக்கும் இதே கதைதான். டச்பே பக்கமோ நிலாவெளிப் பக்கமோ கடல் காற்றில் இருப்பவர்களுக்குக் கம்பி துரு ஏறுவது தெரியும். வாசித்து முடித்தவுடன் ஒவ்வொரு கம்பியையும் பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். துருப்பிடித்த கம்பியை எந்தப் பெடலாலும் காப்பாற்ற முடியாது.

இப்போது பெடலை எடுக்கலாம். வால்வ் (கண்ணாடிக் குழாய்) அம்ப் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வால்வ் அலையின் உச்சியை வழுக்கலாகவே வெட்டும். வொலியூமைப் பாதிக்கு மேல் ஏற்றினாலே கரகரப்புத் தொடங்கிவிடும், மெதுவாக மீட்டினால் தெளியும், அழுத்தி மீட்டினால் உறுமும். ஆனால் 15 வாட் வால்வ் அம்ப்பைப் பாதிக்கு மேல் ஏற்றினால் வீட்டுக்குள் இருக்க முடியாது. வீட்டு வாசிப்புக்கு 5 வாட்டே தாராளம்.

எங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது டிரான்சிஸ்டர் அம்ப். அதன் உள்வாயிலை முட்டத் தள்ளினால் உச்சி கத்தியால் வெட்டியதுபோல ஆகி, காதில் குத்தும். அதனால் அம்ப்பின் கிளீன் சனலில் இருங்கள். அங்கே கரகரப்பு எடுக்க வேண்டாம், அதைப் பெடலிடம் விடுங்கள். டிஸ்டோர்ஷன் என்று எழுதிய பெடலை விட ஓவர்டிரைவ் என்று எழுதியதையே நான் வாங்கச் சொல்வேன். 1970களின் கடைசியில் வந்த ஐபனீஸ் டியூப் ஸ்கிறீமர் வகை, அதைப் பார்த்துச் செய்த மலிவான பச்சைப் பெட்டிகளும் போதும். அந்த வகைப் பெடல் வெட்டுவதற்கு முன்பே அடிச்சுரங்களைக் குறைத்துவிடும். 720 ஹேர்ட்ஸ் பக்கத்தில் நடுச்சுரங்கள் தூக்கலாக இருக்கும். ஸ்டீலின் தடித்த கம்பி பொதபொதவென்று வழியாமல் இருப்பதற்கும், பாட்டுக்குரல்போல முன்னே வருவதற்கும் இதுவே காரணம்.

திருகிகளை மணிக்கூட்டு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். பெடலில் டிரைவ் 9 மணிக்கும் 10க்கும் இடையில், டோன் 11, லெவல் 2. அம்ப்பில் பேஸ் 9, மிடில் 2, ட்ரெபிள் 10. இவ்வளவு குறைந்த டிரைவா என்று பெறாமகன் கேட்டான். தனியே வாசிக்கும்போது குறைவாகத்தான் தெரியும். நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து மெல்ல அதிர்வு கொடுக்கும்போது போதும் போதும் என்றாகிவிடும். டிரைவை ஏற்ற ஏற்ற உங்கள் விரலின் கனமும் மென்மையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் கைக்கு வேலையே இருக்காது. முதலில் 9இல் வைத்து, போதாது என்று காது கேட்டால் மட்டும் ஒரு நெல்லளவு ஏற்றுங்கள். ரிவேர்ப் இருந்தால் கரகரப்புக்குப் பிறகு வரட்டும். முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து வெட்டுப்பட்டுக் குழம்பும்.

வொலியூம் பெடல் வைத்திருப்பவர்கள் அதை எங்கே போடுவது? ஓவர்டிரைவுக்கு முன்னால் போட்டால் கால் எடுக்க எடுக்கக் கரகரப்புக் குறைந்து ஒலி தெளியும். பின்னால் போட்டால் கரகரப்பு அப்படியே இருக்க, சத்தம் மட்டும் கூடிக் குறையும். காலை முழுக்க எடுத்தால் பெடலின் இரைச்சலும் சேர்ந்து அடங்கும். நான் முன்னால்தான் போடுகிறேன். சுத்தமாகத் தொடங்கி, சுரம் நிலைத்த பிறகு காலால் கரகரப்பை ஊட்டுவது எனக்கு மூச்சுக் கொடுப்பதுபோல இருக்கிறது.

இரைச்சலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் அன்ரனாபோலப் பிடிக்கும். கரகரப்பில் அது தேனீக்கூடு. கதிரையில் இருந்தபடியே உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று விழும். அதுவே உங்கள் இருக்கை. ஃபோன் சார்ஜர், மின்விசிறியின் ரெகுலேட்டர், மங்க வைக்கும் சுவிட்ச் போட்ட விளக்கு ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். ஒரு கடையில் வாங்கிய கேபிள் எனக்கு மூன்று மாதம் இரைச்சலைத் தந்தது. பிக்கப்பில் குறை என்று நினைத்து அதைக் கழற்றியும் பார்த்தேன். கடைசியில் ஜாக்கின் மூடியைத் திறந்தால் வெளிவயரின் ஒட்டு ஒரே ஒரு இழையில் தொங்கியது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், அது வழமை. ஆனால் கம்பியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று ஒரு கூச்சம் வந்தால் உடனே கையை எடுத்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் கிடைக்கவில்லை அல்லது அம்ப்புக்குள் கசிவு இருக்கிறது. பழைய வீடுகளில் உருண்டை முள் சொக்கெற்றும் புது அம்ப்பில் சதுர முள் பிளக்குமாக இருந்தால், நடுவில் போடும் அடப்டரில் எர்த் முள் உண்மையாகவே தொடர்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இரைச்சல் குறையும் என்று எர்த் வயரை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டாம். மடியில் உலோகமும் கையில் உலோகமுமாக இருந்து வாசிக்கும் வாத்தியம் இது.

அம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையில் வையுங்கள். எட்டங்குல ஸ்பீக்கர் தரையில் இருந்தால் கணுக்காலுக்குத்தான் வாசிக்கும். உங்களுக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே இருப்பவருக்குக் காது வலிக்கும்.

பழகுவதற்கு மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது கம்பியான ஜி ஸட்ஜம். கழுத்திலுள்ள கோடுகளில் 2ஆம் கோட்டில் ரி, 4இல் க, 7இல் ப, 9இல் த, 12இல் மேல் ஸ. ஒரே கம்பி, ஒரே விரல். உருளையைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்து, உங்கள் தலையைச் சரியாக அதன் மேல் கொண்டுவந்து பாருங்கள். சரிவாகப் பார்த்தால் கோடு ஏமாற்றும். 4ஆம் கோட்டில் மட்டும் உருளையைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை தலைப்பக்கமாக வைக்க வேண்டியிருக்கும். முன்பு சொன்ன அதே 14 சென்ட்தான். சுரத்தைச் சுத்தமாகத் தொட்டு, ஒரு கணம் அசையாமல் வைத்திருந்து, அதற்குப் பிறகே அதிர்வு கொடுங்கள். தொட்டவுடன் ஆட்டினால் சுருதிப் பிழையை மறைப்பதுபோல ஆகும், கரகரப்பு அதை மறைக்கவும் விடாது. பிறகு ஐந்தாவது கம்பியைச் சேர்த்து ஸ-க, ஆறாவதைச் சேர்த்து ஸ-ப என்று இரண்டிரண்டாக வாசியுங்கள். மூன்று கம்பிக்கு மேல் வேண்டாம். மூன்றும் அடிப்பில்லாமல் ஒன்றாக நிற்கும்வரை அடுத்த கோட்டுக்குப் போக வேண்டாம்.

பெறாமகன் போன சனிக்கிழமை பின்னேரம் வந்து ஸ-பவை 12ஆம் கோட்டில் பிடித்து நிறுத்தினான். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்து, “கோயில் மேளமோ?” என்று கேட்டாள். அவன் காலை வொலியூம் பெடலில் இருந்து எடுக்கவே இல்லை.

வாசித்து முடித்ததும் பெடலின் இன்புட் ஜாக்கைக் கழற்றி வைக்க மறக்காதீர்கள். அது செருகியிருக்கும்வரை, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், உள்ளே இருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும்.